பட்டாளத்தைக் கலைப்பது சுலபம்!

கொடுங்கோலன் வீழ்ந்த மறுநாள் அவனுடைய பட்டாளத்தை என்ன செய்வது? வைத்துக்கொண்டால் ஜனங்களுக்கு அச்சம். கலைத்துவிட்டால் நாட்டுக்கு அபாயம். இந்தச் சங்கடத்தில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈராக்கே சாட்சி.

2003 ஏப்ரலில் சதாம் உசேன் ஆட்சி கவிழ்ந்தது. மே 23-ம் தேதி அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் ஒரே உத்தரவில் ராணுவத்தைக் கலைத்தார். சுமார் 4 லட்சம் பேருக்கு உத்தியோகம் போயிற்று. உதவித்தொகை உண்டு என்ற அறிவிப்பு வர ஒரு மாதம் பிடித்தது. அதற்குள், பாக்தாதில் சம்பளம் கேட்டுக் கூடிய பழைய சிப்பாய்களில் இருவர் சுடப்பட்டு மாண்டனர். கையில் துப்பாக்கிப் பழக்கம், வயிற்றில் பசி, நெஞ்சில் அவமானம். இம்மூன்றும் சேர்ந்தால் கலகக்காரன் ஆள் தேடி அலைய வேண்டுமா?

சிப்பாய்கள் தாமாகவே வீட்டுக்கு ஓடிவிட்டார்கள், கலைக்க என்ன இருந்தது என்று பிரெமர் தரப்பில் வாதிக்கப்பட்டது. அந்தப் பட்டாளத்திடம் அடிபட்ட குர்துகளும் ஷியாக்களும் அதற்கே மறுபடி சலாம் போடுவார்களா என்ற கேள்வியும் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் கொலைக்கு உத்தரவிட்ட தளபதியும், கூலிக்குச் சேவித்த சிப்பாயும் ஒன்றாகிவிடுவார்களா? களை எடுக்கப் போனவன் வயலுக்கே தீ வைக்கலாமா?

போலீஸின் கதையும் இதுதான். அவசர அவசரமாக ஆள் சேர்த்ததில் கட்சிப் படையினர் உள்ளே நுழைந்தனர். 2005 நவம்பரில், பாக்தாதில் உள்துறையின் இரகசியச் சிறை ஒன்றில் சுமார் 170 கைதிகள் இருப்பது தெரியவந்தது. பலர் சித்திரவதைக்கு உள்ளானவர்கள். 2014 ஜூனில் மொசூல் நகரம் ஐ.எஸ். படையிடம் விழுந்தது. அவ்வாண்டு நவம்பரில், சம்பளப் பட்டியலில் 50,000 போலிச் சிப்பாய்கள் இருந்ததாகப் பிரதமர் அபாதியே ஒப்புக்கொண்டார். பெயர் உண்டு, ஆள் இல்லை!

தென்னாப்பிரிக்கா வேறு வழி சென்றது. 1994-ல் வெள்ளையர் அரசின் ராணுவம், அதை எதிர்த்த விடுதலைப் படைகள் உட்பட ஏழு படைகள் ஒன்றாக்கப்பட்டன. பழைய தளபதி மெய்ரிங்கையே மண்டேலா தலைமையில் வைத்துக்கொண்டார். 1998-ல் அந்த இடத்துக்கு விடுதலைப் படையைச் சேர்ந்த நியாண்டா வந்தார். மனக்கசப்புக்குக் குறைவில்லை, ஆயினும் உள்நாட்டுப் போர் மூளவில்லை.

2024 டிசம்பரில் அசாத் ஆட்சி முடிந்த சிரியாவிலும், அடுத்த மாதமே பழைய ராணுவம் கலைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. புதிதாக ஆள வருவோர் எவராயினும் மூன்றைக் கவனிப்பது நலம். குற்றவாளிகளைத் தனித்தனியே விசாரிக்கட்டும். மற்றவர்களுக்குச் சம்பளமும் வேலையும் தரட்டும். போலீஸைப் பழக்கப் போதிய அவகாசம் எடுக்கட்டும். கலைக்க ஒரு கையெழுத்து போதும்; கட்ட ஒரு தலைமுறை வேண்டும்.