நொய்யலில் ஏறிய உப்பு யார் கணக்கில்?

சங்கப் பேரேட்டில் பல ஆண்டுகளாக வசூலாகாமல் நிற்கும் பாக்கியை, உரிய விசாரணைக்குப் பின் தள்ளுபடி செய்ய விதிகளில் இடம் உண்டு. வறண்ட பிரதேசத்து ஆறுகளில் சேரும் உப்புக்கு அத்தகைய தள்ளுபடி கிடையாது. நீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. ஒருவரை விட்டு அகன்றால் அடுத்தவர் நிலத்தில் போய் நிற்கும். நெசவாளரும் விவசாயிகளும் ஒருங்கே வாசிக்கும் இப்பத்திரிகையில் இதைப் பற்றி மனம் விட்டுப் பேசுவது அவசியம் என்று கருதுகிறோம்.

எந்த ஆற்று நீரிலும் சிறிதளவு உப்பு இருந்தே தீரும். மழைநீர் பாறையையும் மண்ணையும் கரைத்து அதனைக் கொண்டு வருகிறது. மழை மிகுந்த நாடுகளில் வெள்ளம் அதைக் கடலில் சேர்த்துவிடும். மழை குறைந்த பகுதிகளிலோ வெயில் நீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. லிட்டருக்கு அரை கிராம் உப்புள்ள நீர் பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்ற நீரே. ஆயினும் அந்நீரை ஓர் ஏக்கரில் ஓராண்டில் மொத்தம் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால், நிலத்தில் வந்து சேரும் உப்பு ஏறத்தாழ 2 டன் ஆகும். பயிர் அதில் மிகச் சொற்பமே எடுத்துக்கொள்ளும். மீதியை மழையோ வடிகாலோ கீழே இறக்க வேண்டும். இறங்கிய உப்பு நிலத்தடி நீரின் வழியாக மீண்டும் ஆற்றுக்கே வருகிறது. கீழ்மடை விவசாயி அதனையும் சேர்த்துப் பாய்ச்சுகிறார். ஊர்களின் சாக்கடை நீரும் ரசாயன உரமும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன.

நொய்யல் அத்தகையதோர் ஆறு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகச் சென்று, கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கிறது. மலையை விட்டு இறங்கியதும் மழை மறைவுப் பிரதேசம். ஆண்டில் பல மாதங்கள் இயற்கையான நீரோட்டம் இராது. பனியன் தொழில் பெருகிய காலத்தில் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் அந்த வறண்ட படுகையில்தான் இறங்கியது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் 1992இல் கட்டப்பட்ட அணை, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவுத் தேக்கமாக மாறிற்று. எந்த ஆயக்கட்டுக்காக அணை எழுந்ததோ, அந்த ஆயக்கட்டுதாரர்களே நீதிமன்றத்தை நாட நேர்ந்தது.

நிறம் கண்ணில் படுவதால் பலரும் நிறத்தையே குறை கூறுகிறார்கள். சுண்ணாம்பும் படிகாரமும் இட்டால் நிறம் பெரும்பாலும் தெளிந்துவிடும். கரைந்த உப்பு தெளியாது. பருத்தி நூலில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்காகத் தொட்டியில் லிட்டருக்கு 30 முதல் 100 கிராம் வரை கறியுப்போ கிளாபர் உப்போ இடுவது வழக்கம். ஒரு கிலோ நூலுக்கு 10 லிட்டர் நீர், லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்று கொண்டால், கிலோவுக்கு அரைக் கிலோ உப்பாகிறது. அது நூலில் தங்குவதில்லை, அலசலில் வெளியேறிவிடுகிறது. ஆயிரம் கிலோ நூலுக்குச் சாயம் போட்டு வாங்கும் சங்கம், 500 கிலோ உப்புக்கும் பொறுப்பாளியே ஆகும்.

சாயப்பட்டறைகள் மட்டுமே இக்குற்றத்தைச் செய்யும் என்று விவசாய அங்கத்தினர்களும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு பாசனப் பகுதி, 1961இல் தன் நிலத்தடி உவர்நீரை இறைத்துக் கொலராடோ ஆற்றில் விட்டது. கடைமடையில், மெக்சிகோ நாட்டின் மெக்சிகலிப் பள்ளத்தாக்கில் பருத்தி விளைவித்தவர்கள் நஷ்டமடைந்தனர். அங்கே தீங்கு செய்தவரும் விவசாயி, தீங்குற்றவரும் விவசாயி. இரு அரசுகளும் பேசி, எல்லையில் வந்து சேரும் நீரின் உப்புக்கு 1973இல் வரம்பு வகுத்தன. நீரின் அளவைப் போலவே அதன் தரமும் கீழ்மடையாரின் உரிமை என்பதை இது காட்டுகிறது.

நம் நாட்டில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ப் பகுதியில் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வேலையிழந்த தொழிலாளர் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை. அதன் பின்னர், கழிவுநீரை வெளியே விடாமல் சவ்வுகளின் வழியே வடித்து, எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கும் முறை அங்கே வேரூன்றிற்று. அதற்கு மின்சாரமும் எரிபொருளும் மிகுதியாகத் தேவை. பிரித்தெடுத்த கலப்பு உப்பை மூட்டை மூட்டையாகக் காத்து வைக்கவும் வேண்டும். ஆயினும் உப்பை ஆற்றில் விடாமல் தொழில் நடத்த இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

சோதனை இங்கேதான் இருக்கிறது. சுத்திகரிக்கும் பட்டறை கூடுதல் கூலி கேட்கும். இரவில் ஓடைக்குத் திறந்துவிடும் பட்டறை குறைந்த கூலிக்கு முன்வரும். குறைந்த கூலியை ஏற்பதே சிக்கனம் என்று நிர்வாகக் குழுக்கள் நினைக்கின்றன. ஆய்வுக்கு வரும் நாமும் விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்து, மிகக் குறைந்ததை ஏற்றிருந்தால் சரியென்றே குறிப்பெழுதி வந்திருக்கிறோம். அது சிக்கனம் அன்று. நெசவாளர் சங்கத்தின் செலவை விவசாயியின் கணக்கில் பற்று எழுதுவதேயாகும்.

சாயக்கூலி ஏறினால் சேலை விலை ஏறும், விற்பனை குறையும் என்று சிலர் கூறுவர். அவ்வச்சம் நியாயமானதே. அதற்காகச் சுத்திகரிப்புச் செலவை நெசவாளியின் கூலியில் பிடிப்பதை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். அதனைத் துணியின் அடக்க விலையில் வெளிப்படையாகச் சேர்த்து, வாங்குவோருக்கும் காரணத்தை எடுத்துரைக்க வேண்டும். உவர் ஏறிய கிணற்று நீரால் தென்னையை இழந்தவரின் நஷ்டத்தில் நிற்கும் மலிவு, கூட்டுறவுக்குப் பெருமை தராது.

ஆகவே அடுத்த மகாசபையில் இரண்டு தீர்மானங்கள் வரவேண்டும் என்பது நமது கோரிக்கை. நெசவாளர் சங்கங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும், கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடும் உடைய பட்டறைக்கே நூல் அனுப்புவதெனத் தீர்மானிக்கட்டும். விவசாயிகள் சங்கங்கள், பருவமழைக்கு முன்னும் பின்னும் அங்கத்தினர்களின் கிணற்று நீரைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவதெனவும், அளவறிந்து நீர் பாய்ச்சி வடிகால்களைத் தூர்வாருவதெனவும் தீர்மானிக்கட்டும். அப்பதிவேட்டை இரு தரப்பினரும் ஒன்றாக அமர்ந்து பார்க்க வேண்டும். கிணறு உவர்த்தால் தறி வீட்டாரும் குடிநீரை விலைக்குத்தான் வாங்கவேண்டியிருக்கும்.