தொட்டி மீனும் வளர்ப்போர் கடமையும்

உயிர்களை வளர்த்து மகிழ்தல் இனியதொரு பொழுதுபோக்கு என்பதை மறுப்பார் இலர். ஆயினும், வளர்ப்பவனது திறமையை எதனால் அளத்தல் வேண்டும் என்ற வினாவிற்கு மீன் வளர்ப்போருட் பலர் கூறும் விடை எமக்கு உடன்பாடன்று. எத்தனை குஞ்சுகளைப் பொரிக்கச் செய்தான் என்பதே அவர்கள் கொள்ளும் அளவு. எத்தனை குஞ்சுகளுக்கு நல்வாழ்வு அளித்தான் என்பதே உண்மை அளவு என்பது எம் கருத்து. இதனை மத்திய அமெரிக்காவின் சிறு சிக்லிட் மீன் ஒன்றைக் கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ் முதலிய நாடுகளின் நீர்நிலைகளில் வாழும் இம்மீனை 1867-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் குந்தர் என்னும் விலங்கியலறிஞர் விவரித்தெழுதினார். இதன் உடலிலுள்ள கரும்பட்டைகள் பழங்காலச் சிறைக்கைதியின் உடையை நினைவூட்டுதலின், 'கான்விக்ட்' என்னும் பெயர் பெற்றது. ஆண் ஏறக்குறைய 4 அங்குலம் வளரும். மீன்கள் பலவற்றில் ஆணே நிறப்பொலிவு மிக்கது. இதிலோ பெண்ணின் வயிற்றிலேதான் பொன்னிறம் திகழும்.

இம்மீனை இனம் பெருகச் செய்தல் அரிய செயலன்று. 100 லிட்டர் கொள்ளும் தொட்டி, சுமார் 26 டிகிரி வெப்பமுள்ள தூய நீர், பக்கவாட்டில் சாய்த்து வைத்த மண்சட்டி, தம்முள் ஒத்த ஆணும் பெண்ணும் ஆகிய இவையே போதும். பெண் மீன் சட்டியின் உட்புறத்தே நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளையும் ஒட்டிவைக்கும். மூன்று நாளளவில் அவை பொரியும். ஒரு வாரத்திற்குப் பின் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். தாயும் தந்தையும் இரவு பகலாகக் காவல் புரியும். தரையைத் துடுப்புகளால் கிளறியும், உதிர்ந்த இலைகளைப் புரட்டியும் குஞ்சுகளுக்கு இரை காட்டும். விலங்கியல் பயிலும் மாணவர்க்கு இதனினும் சிறந்த பாடம் எளிதிற் கிடையாது.

இத்தகைய உயிரை உணர்ச்சியற்ற பொருளெனக் கருதலாமோ? பிரான்சு தேசத்துப் பர்கண்டிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2019-ல் வெளியிட்ட ஆய்வொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. தாம் விரும்பிய துணையைப் பெறாத பெண் மீன்கள், இரை இருக்குமோ இராதோ என்ற ஐயத்திற்கிடமான பெட்டியைத் திறக்க மிகவும் தயங்கின. துணையின் இழப்பு மீனின் மனநிலையையும் மாற்றவல்லது என்பது இதனாற் புலனாகும்.

இனி, குஞ்சுகள் வளர்ந்தபின் நேர்வது யாது? ஒவ்வொன்றும் தனக்கென ஓரிடம் வகுத்துக்கொண்டு பிறவற்றைத் தாக்கும். கழிவு மிகுந்து நீர் நஞ்சாகும். இதற்கிடையே பெற்றோர் அடுத்த ஈட்டு முட்டைகளை இட்டுவிடும். இடமின்றித் தவிக்கும் வளர்ப்பாளன் அருகிலுள்ள குளத்தை நாடி, "விடுதலை அளித்தேன்" என்று மனம் ஆறுவான். இஃது அருளன்று, பெருந்தீங்கு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து வெந்நீர் ஊற்றுகளில் இம்மீனைக் கொண்டுவந்து விட்டமையால், அவ்விடத்திற்கே உரிய சிறு மீனினங்கள் நலிவுற்றன. இந்தியாவுக்கும் இவ்வனுபவம் புதிதன்று. உணவின்பொருட்டு 1952-ல் இலங்கையிலிருந்து கொணரப்பெற்ற ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட் குடும்பத்ததே. அஃது ஏரி குளங்களிற் பரவி நாட்டு மீன்களுக்குப் பகையாயிற்று.

ஆகவே, இணையைச் சேர்க்கு முன்னரே குஞ்சுகளை ஏற்பார் எவரென உறுதி செய்துகொள்க. குஞ்சு வேண்டாதார் ஒரு பாலை மட்டுமே வளர்க்க. இணையாக வைத்திருப்போர், முட்டையிட்ட அன்றே, பேண இயலுமளவு சிலவற்றை விடுத்து ஏனையவற்றை அகற்றுக. முட்டையை அழித்தல் கொடுமையன்றோ எனச் சிலர் வினவலாம். பொரிக்கவிட்டு, வளர்த்து, நெரிசலிற் சாகவிடுதல் அதனினும் கொடுமையன்றோ? குளத்தில் விடுவதாயின், அவ்வொரு தொட்டியின் சுமையை ஊர் மீன்கள் அனைத்தும் சுமக்க நேரும்.

இருபது குஞ்சுகளைப் பெற்றோருடன் வளரவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தக்க இடந்தேடித் தருபவனே இக்கலையில் வல்லவன். நூறு நூறாய்ப் பெருக்குதல் மீனின் திறமை. அளவறிந்து வளர்த்தலே மனிதனின் திறமை.