தலைக்கணக்கு

ஜூலை நெருங்கினால் நெய்வேலியில் புத்தகக் கண்காட்சிப் பேச்சு கிளம்பிவிடும். அங்கே டெல்லி அப்பளக் கூட்டத்தையும் பொம்மைக் கடைகளையும் பார்த்து இந்தப் பத்தி புலம்புவது வழக்கம்தான். இந்த முறை அந்தப் புலம்பலை ஒத்திவைக்கிறேன். இந்த வார எரிச்சலுக்குக் காரணம் ஒரு விளம்பரம். வாட்டர்லூ போரைச் சாப்பாட்டு மேசையில் விளையாடலாமாம். பெட்டிக்குள் பொம்மைச் சிப்பாய்கள், பகடை, வரைபடம் எல்லாம் உண்டு. இரண்டு பக்கமும் சரிசமமான படை என்பதைப் பெருமையாகக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 1815 ஜூன் 18 காலையில் நெப்போலியனிடம் ஏறத்தாழ 72,000 பேர், வெலிங்டனிடம் 68,000 பேர் இருந்தார்கள். அதுவரை சமம்தான். பிற்பகலில் வெலிங்டனுக்குத் துணையாகப் புளூஷரின் பிரஷ்யப் படை பிரெஞ்சுக்காரர்களின் வலப்பக்கம் வந்து மோதியதும் அந்தச் சமம் போய்விட்டது. பிரஷ்யர்கள் வருவார்களா, எப்போது வருவார்கள் என்ற தவிப்பை எடுத்துவிட்டால் வாட்டர்லூவில் மிஞ்சுவது சீருடை மட்டும்தான்.

ஆட்டம் என்றால் இருவருக்கும் ஒரே எண்ணிக்கையில் காய் வேண்டும் என்ற நம்பிக்கை சதுரங்கத்திலிருந்து வந்தது. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்குப் பிறகு அது இங்கே வேதவாக்காகவே ஆகிவிட்டது. ஆனால் கோயில் மண்டபத் தரையிலும் ஊர்த் திண்ணைக் கல்லிலும் நம் ஆட்கள் கீறி வைத்த ஆடுபுலி ஆட்டம் வேறு வழியில் போகிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டால் வெட்டவே முடியாது. இருந்தும் ஆடு ஜெயிக்கிறது, ஏனென்றால் அதற்கு வெற்றி என்பதே வேறு. புலிக்கு வெட்டினால் வெற்றி, ஆட்டுக்குப் புலியை நகரவிடாமல் அடைத்தால் வெற்றி. படை சமமில்லாதபோது இலக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. போர் விளையாட்டுக்காரர்கள் பக்கம் பக்கமாக விதி எழுதிச் சொல்வதும் இதைத்தான்.

வாட்டர்லூ பெட்டி கிடக்கட்டும். நெய்வேலியிலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போனால் பரங்கிப்பேட்டை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். 1781 ஜூலை 1 அன்று அங்கே மைசூரின் ஹைதர் அலியும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் தளபதி ஐர் கூட்டும் மோதினார்கள். கூட்டிடம் எட்டாயிரத்துச் சொச்சம் பேர். ஹைதரிடம் எத்தனை பேர் என்பதில் ஆங்கில நூல்களே ஒத்துப்போவதில்லை; ஒன்று 40,000 என்கிறது, மற்றொன்று 80,000 என்கிறது. எண்ணியவர்கள் வென்றவர்கள் என்பதை மறக்க வேண்டாம். எதிரியின் படை பெருகப் பெருகத் தளபதியின் புகழும் பெருகும். இந்தப் போரை மேசைக்குக் கொண்டுவர நினைத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தத் தலைக்கணக்கைத்தான். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சண்டைக்கு வந்தார்களா? பெரும்பகுதி குதிரைப்படை, மணல்மேட்டில் அதற்கு என்ன வேலை? இரண்டு வாரத்துக்கு முன் சிதம்பரம் கோயில் மதிலை மோதிப் பார்த்துத் தோற்ற கூட், பரங்கிப்பேட்டையில் கடலை ஒட்டி நின்றது ஏன்? சோறு கப்பலில் வந்தது என்பதால். ஹைதர் கடலூர்ப் பாதையை மறித்துப் பீரங்கி மேடுகள் அமைத்திருந்தார். கூட் நேரே போகாமல் கடற்பக்கம் விலகி, மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு பாதையைப் பிடித்தார். அது ஹைதரின் ஆட்களே பீரங்கி இழுக்க அமைத்த பாதை என்பது இந்தப் போரின் குரூரமான நகைச்சுவை. கூட்டின் படையில் ஸ்டூவர்ட் நடத்திய இரண்டாம் அணி மேட்டைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தைக் காத்தது. கரையோரம் நின்ற ஆங்கிலக் கப்பல் குதிரைப்படை மீது சுட்டது. இவற்றையெல்லாம் பலகையில் வைத்துப் பாருங்கள், ஒன்றுக்கு ஐந்து என்ற பயங்கரம் பாதியாகக் கரைந்துவிடும். சமமில்லாத போரை விளையாடுவதன் பயன் இதுதான். சின்னப் படை எப்படி ஜெயித்தது என்பதற்கு வீரம் என்ற ஒற்றைச் சொல்லைப் பதிலாகச் சொல்ல அது விடாது.

பாதை எங்கே இருக்கிறது என்று ஆடுபவருக்கு முன்பே தெரியுமே, பிறகென்ன சோதனை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் வடிவமைத்த போர் விளையாட்டு இதற்கு நடுவரை வைத்தது. உத்தரவுகள் அவரிடம் போகும். களத்தில் கண்ணுக்குப் படுவதை மட்டும் அவர் திருப்பிச் சொல்வார். மணல்மேட்டுப் பாதை எந்த இடத்தில் என்பதை நடுவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் மாற்றிக்கொள்ளலாம். இப்படி மறைத்து வைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு போர் சாட்சி. 1803 செப்டம்பர் 23 அன்று மராத்தியருக்கு எதிரான அஸ்ஸாயே போரில் வெல்லஸ்லி, பின்னாளின் வெலிங்டன், கைத்னா ஆற்றின் இரு கரையிலும் நேருக்கு நேர் இரண்டு ஊர்கள் இருப்பதைப் பார்த்து, இங்கே இறங்குதுறை இருந்தே தீரும் என்று ஊகித்து, அங்கே ஆற்றைக் கடந்து வென்றார். வரைபடத்தில் துறையைக் குறித்துக் கொடுத்துவிட்டால் அந்த ஊகத்துக்கு என்ன மதிப்பு? அந்த வெற்றிக்கு 1,500 பேருக்கு மேல் பலியாகவோ காயமடையவோ நேர்ந்தது.

கம்பெனியின் வெற்றியைக் கொண்டாட இன்னொரு வழியா இது என்ற முணுமுணுப்பும் வரும். வென்ற படையிலும் பெரும்பாலோர் நம் மண்ணின் சிப்பாய்கள்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஹைதர் பக்கம் உட்கார்ந்து ஆடிப் பார்ப்பதே சரியான பதில். நேருக்கு நேர் மோதுவதில் அவருக்கு லாபமே இல்லை. நாட்டைப் பாழாக்கி, மாடுகளை ஓட்டிக்கொண்டுபோய், கூட்டைப் பட்டினி போடுவதே அவருடைய ஆட்டம், அதில் அவர் தோற்கவும் இல்லை. பரங்கிப்பேட்டையில் வென்ற கூட்டுக்குத் துரத்திப் போகக் குதிரை இல்லை, வண்டி இழுக்க மாடு இல்லை. ஆகஸ்ட் 27 பொள்ளிலூர், செப்டம்பர் 27 சோளிங்கர் என்று மேலும் இரண்டு முறை மோத வேண்டியிருந்தது. 1782 டிசம்பரில் ஹைதர் இறந்தும் போர் ஓயவில்லை. 1784 மார்ச்சில் மங்களூரில் ஒப்பந்தம் ஆனபோது, பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுத்தன. ஜூலை 1 மாலையோடு ஆட்டத்தை முடித்தால் கூட் ஜெயிக்கிறார். மாடுகளையும் அரிசியையும் காய்களாக்கி இன்னும் மூன்று மாதம் ஓட்டினால் யார் ஜெயிப்பார் என்று விதி எழுதத் துணியும் ஆள்தான் எனக்கு வேண்டும். வாட்டர்லூ பெட்டிக்காரர் தாராளமாக அடுத்த கடைக்குப் போகலாம்.