லாக்கப்பில் வாடாத மல்லிகை!

சீரியல் கதாநாயகி நாலு நாள் லாக்கப்பில் இருக்கிறாள். தலையில் மல்லிகைப்பூ மட்டும் வாடவே இல்லை! 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டாமோ? 2024 ஜூலையிலிருந்து நடக்கும் கொலைக்கு 103-வது பிரிவு. இன்ஸ்பெக்டரோ இன்னும் "302" என்றே மிரட்டுகிறார்.

அதுகூடப் போகட்டும். ராத்திரி பதினோரு மணிக்கு ஆண் போலீஸ் அவள் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றுகிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பொழுது சாய்ந்து விடியும் வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாதென்றால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட் அனுமதியோடு வரணும் என்று 2005-லேயே சட்டம் திருத்தியாச்சு.

எங்கள் தெருவில் செயினைப் பறிகொடுத்த அம்மா ஒருவர், "ஸ்டேஷனுக்குப் போனா ராத்திரியெல்லாம் உட்கார வச்சிடுவாங்க" என்று புகாரே கொடுக்கவில்லை. எல்லாம் சீரியல் பார்த்து வந்த பயம். டைரக்டர்களே, ஷூட்டிங்குக்கு முன்னாடி ஒரு வக்கீலைக் கேட்டால் என்ன?

- ஓர் இல்லத்தரசி, அம்பத்தூர்.