சுருண்டபடியே அழகு



கல்யாண மாதம் நெருங்கினாலே நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாது: "என் சுருட்டை முடியை எப்படி நேராக்குவது?" இம்முறை மண்டகப்பட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருப்பது வேறு: "நேராக்காமலே இதை அழகாக வைத்துக்கொள்ள வழி உண்டா?" உண்டு, மகளே.

பெண்கள் கூந்தலை ஐந்து வகையாக முடித்ததால் 'ஐம்பால்' என்றார்கள் நம் முன்னோர். அந்த ஐந்தில் சுருளும் ஒன்று. அந்தச் சுருளைத்தான் பள்ளிக்கூடத்தில் 'குருவிக்கூடு' என்று கேலி செய்கிறோம். கேலிக்குப் பயந்த பிள்ளைகள் பார்லரில் மருந்து பூசி, சூட்டுக் கம்பியால் இழுக்கிறார்கள். மருந்தும் சூடும் சேர்ந்து முடியின் வலுவைத்தான் தின்கின்றன.

ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் தங்கள் சுருளைப் பேணக் கையாளும் ஒரு முறை நமக்கும் கைகொடுக்கும். 'ட்விஸ்ட் அவுட்' என்பார்கள். முறுக்கிக் காயவிட்டுப் பிரிப்பதுதான் சங்கதி. நனைந்த முடியில் சில பிணைப்புகள் தளரும். காயும்போது, முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே அவை மீண்டும் இறுகும்.

தலைக்குச் சீயக்காயோடு அரப்போ, செம்பருத்தி இலைச் சாறோ தேய்த்துக் குளியுங்கள். முடி ஈரமாக, வழவழப்பாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். முரட்டுத் துண்டால் தேய்க்காமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றுங்கள். ஆளி விதையை நீரில் கொதிக்கவிட்டு, சூட்டோடு வடிகட்டினால் கொழகொழவென்று ஒரு ஜெல் கிடைக்கும். ஆறியதும் அதைத் தடவுங்கள். முடியைப் பத்துப் பன்னிரண்டு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு புரியாக நுனிவரை முறுக்குங்கள். நம் முடி வழுக்கும். நுனியை மெல்லிய துணியால் கட்டுவது நல்லது.

இனி வேண்டியது பொறுமை. முழுதும் காயும்வரை பிரிக்கக் கூடாது. அரை ஈரத்தில் பிரித்தால் பரட்டைதான் மிஞ்சும். காய்ந்தபின் விரல்களில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு, முறுக்கை மெதுவாகப் பிரியுங்கள். சீப்பை எடுக்கவே வேண்டாம். இரவில் உச்சியில் தளரக் கட்டி, வழவழப்பான பட்டுத் துணியைச் சுற்றிப் படுத்தால் சுருள் சில நாள் நிற்கும். ஐப்பசி மழையில் காற்றின் ஈரம் அதைக் குலைக்கும். அந்த நாட்களில் சடையே போதும்.

சுருட்டை முடி சீக்கிரம் வறளும். தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை வளைவுகளைத் தாண்டி நுனிக்கு எளிதில் இறங்குவதில்லை. ஆகவே குளிக்குமுன் எண்ணெய் வைக்கும் நம் வீட்டுப் பழக்கத்தை விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதாக இந்திய ஆய்வாளர்கள் 2003இல் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்ட மாணவியின் ஊரான மண்டகப்பட்டில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு குடைவரை எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி அமைத்ததாக அங்கேயே கல்வெட்டாகப் பொறித்தும் வைத்தான். இருந்த பாறையையே நம்பிய அந்தத் துணிவை, தன் முடியை நம்பும் பெண்ணிடமும் காண்கிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2019இல், முடியின் தன்மையைக் காட்டிப் பள்ளியிலும் வேலையிலும் எவரையும் ஒதுக்கக் கூடாது என்று சட்டமே இயற்றியது. நம் வீடுகளுக்குச் சட்டம் தேவையில்லை. அம்மாக்களே, ஆசிரியர்களே, சுருட்டை முடியோடு ஒரு பிள்ளை முன்னால் வந்து நின்றால் "நல்லா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முறுக்கிப் பார்த்தவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்; அடுத்த இதழில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்