சிறுவர்க்கு எழுதிய பெரும்புலவர்

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றுவது நம் மரபு. போற்றுதல் தகும். ஆயினும் அவர் சிறுவர்க்கு எழுதியவர் என்பதை நாம் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை.

1867ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்து, அதை விடுத்து மேடை ஏறியவர். எமனாகவும் சனீசுவரனாகவும் வேடமிட்டு அவையோரை நடுங்கவைத்த அவர், பின்னர் நடிப்பைத் துறந்து எழுதுவதையும் பயிற்றுவதையும் மேற்கொண்டார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலியன அவர்தம் ஆக்கங்கள்.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அவர் அமைத்தார். அதில் சேர்ந்த டி. கே. சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. அச்சிறுவனுக்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாடலும் வசனமுமாக ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்ததைச் சண்முகம் தம் 'எனது நாடக வாழ்க்கை' நூலில் நினைவுகூர்கிறார். நாம் வியப்பது வேகத்தை அன்று. நடிப்பவன் சிறுவன்தானே என்று அவர் தமிழைத் தாழ்த்தாமையை. (அக்காலப் பாலர் சபைகளில் கண்விழித்தலும் கடும் தண்டனையும் மிகுதி. அவ்வாழ்வு மீண்டும் வரவேண்டும் என நாம் விழையவில்லை.) பக்கவாதத்தால் நாவும் கையும் ஓய்ந்த சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார்.

இன்று சிறுவர்க்கு மேடை தொலைக்காட்சியே. 2007இல் சிறுவர்க்கெனவே சுட்டி டிவி தொடங்கியபோது மகிழ்ந்தோம். ஆனால் வந்தவற்றுள் பெரும்பாலானவை பிறமொழித் தொடர்களின் குரல்மாற்றங்களே. இதன் இழப்பை ராயக்கோட்டை போன்ற எல்லையூரார் நன்கு அறிவர். இங்கே வீட்டில் உருதும் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் பலர். அவர்களுக்குக் கதையாகவும் பாட்டாகவும் காதில் விழும் தமிழ், வேற்று மொழியின் உதட்டசைவுக்கு அளந்து வெட்டிய தமிழாக இருக்கிறது. எழுத வல்லார் இல்லையா எனில், உளர்; நம் வகுப்பறைகளிலேயே உளர். சுவாமிகளின் நாடகங்களைப் பாடமாக வைக்கிறோம், ஆய்வேடும் எழுதுகிறோம். சிறுவர்க்கு ஒரு பாட்டு நாடகம் எழுதுக எனக் கேட்கும் வினாத்தாளை மட்டும் நாம் கண்டதில்லை.

அடுத்த ஆண்டு விழாவுக்கேனும், ராயக்கோட்டைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நடிக்கத்தக்க அரைமணி நேர நாடகம் ஒன்றை நம் தமிழ்த்துறை மாணவர் எழுதித் தரட்டும். ஊரின் தக்காளிச் சந்தையே அதற்குக் களமாகலாம்.