நடந்து காணும் வனம்

பாலக்காட்டு ஜில்லாவைச் சேர்ந்த பரம்பிக்குளம் வனத்துக்குப் போக விரும்பும் கேரளத்தார்கூட, பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, டாப்ஸ்லிப்பைக் கடந்த பிறகுதான் தம் சொந்த ராஜ்யத்துக்குள் மறுபடியும் பிரவேசிக்க வேண்டியிருக்கிறது என்பது பூகோளம் செய்துவைத்த வேடிக்கைகளில் ஒன்று. 2010-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, சுமார் 643 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணம் கொண்டதாக விளங்கும் இந்தப் பிராந்தியத்துக்கு வரும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர், வண்டியில் ஏறிச் சன்னலோரம் அமர்ந்து, வழியில் தென்படும் புள்ளிமானையும் காட்டெருமையையும் படம் பிடித்து, தூணக்கடவுக்கு அருகிலுள்ள கன்னிமரத் தேக்கின் அடியில் நின்று இன்னொரு படமும் எடுத்துக்கொண்டு, புராதன வனத்தைத் தரிசித்துவிட்ட திருப்தியுடன் ஊர் திரும்புகிறார்கள்.

ஆனால் அவர்கள் பார்த்ததில் பெரும் பகுதி புராதன வனமே அன்று. கொச்சி சமஸ்தானம் 1907-இல் சாலக்குடியிலிருந்து இந்த மலைகளுக்கு டிராம் பாதை போட்டு, காட்டு மரங்களை வெட்டிக் கீழே இறக்கியது. வெட்டிய இடங்களில் வரிசை வரிசையாகத் தேக்கு நடப்பட்டது. இந்தப் பக்கத்தில், டாப்ஸ்லிப்பில், ஹ்யூகோ வுட் என்ற ஆங்கில வன அதிகாரி, கைத்தடியால் மண்ணைக் குத்திக் குத்தித் தேக்கு விதைகளைப் போட்டுக்கொண்டே நடந்தார் என்று இன்றும் சொல்வார்கள். 1933-இல் காலமான அவருடைய சமாதி அங்கேயே இருக்கிறது. அவர் மகத்தான காரியம் செய்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் நட்டு வளர்த்த தேக்கங்கூப்பை ஆதி வனம் என்று கொண்டாடுவது, கரும்புத் தோட்டத்தைப் புல்வெளி என்று சொல்வதற்கு ஒப்பாகும். ஏழு மீட்டருக்குக் குறையாத சுற்றளவுள்ள அந்தக் கன்னிமரம், வெட்டப் போனபோது இரத்தம் பீறிட்டதாக மலைவாசிகள் நம்பி வழிபட்டதனால் தப்பிப் பிழைத்தது என்பது ஐதிகம். கோடரிக்கு இரையான அதன் சகோதர விருட்சங்களுக்கு அத்தகைய கதை எதுவும் வாய்க்கவில்லை போலும்.

தேக்குக்கும் பழங்காட்டுக்கும் உள்ள பேதத்தை வண்டிச் சன்னல் காட்டாது, கால்தான் காட்டும். கோடையில் இலையுதிர்ந்து வெயில் கொளுத்தும் தேக்கங்காட்டை விட்டு, எல்லையை ஒட்டியுள்ள கரியன்சோலைக்குள் நுழைந்தவுடன், வெளிச்சம் மங்கி, மண் ஈரமாகி, அட்டைகள் காலில் ஏறத் தொடங்கி, கண்ணுக்குத் தெரியும் முன்பே இருவாச்சியின் சிறகோசை தலைக்கு மேலே கடந்து போகும் அனுபவம் நடப்பவனுக்கு மட்டுமே சித்திக்கும். காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய குடிகளுள் ஒன்றைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர், கீறப்பட்ட மரப்பட்டையையும் யானை இலண்டத்தின் சூட்டையும் கொண்டு நேற்றிரவு நடந்ததையெல்லாம் எடுத்துரைக்கும்போது, மிருகம் எதுவும் எதிர்ப்படாவிட்டாலும் குறை தோன்றாது.

சைக்கிளையும் அனுமதிக்கலாமே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. சைக்கிள் ஓசையின்றியும் வேகமாகவும் போவது. திருப்பத்தில் நிற்கும் யானைக்கு முன்னறிவிப்பே கிடைக்காது. ஆனைமலையிலிருந்து சேத்துமடை வரை தென்னந்தோப்புகளின் ஊடே ஓட்டுவதற்கு அது உத்தமமான வாகனம். சோதனைச் சாவடியோடு அது நின்றுவிடட்டும். மோட்டாரின் விஷயமோ இன்னும் மோசம். இடுக்கி எல்லையில், உடுமலை–மூணாறு சாலை சின்னாறு சரணாலயத்தின் நடுவே போகிறது. நரை அணில்கள் வாழும் அந்த வறண்ட காட்டை, மூணாற்றின் குளிரைத் தேடி விரைகிறவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதே பாலக்காட்டு ஜில்லாவின் அமைதிப் பள்ளத்தாக்கில், முக்காலியிலிருந்து சைரந்திரி வரையுள்ள 23 கிலோமீட்டருக்குச் சொந்த வண்டிகளை விடாமல் வனத்துறையின் ஜீப்புகளே ஏற்றிச் செல்வது எவ்வளவோ மேல்.

பரம்பிக்குளத்தில் வழிகாட்டியுடன் நடக்கும் ஏற்பாடு இப்போதே உண்டு; பழைய டிராம் பாதை வழியாகவும் நடக்கலாம். ஆயினும் அது விஷயமறிந்த சிலரின் பிரத்தியேக உல்லாசமாகவே இருந்துவருகிறது. வயோதிகர்களுக்கும் குழந்தைகளுக்கும் வண்டி இருக்கட்டும். கால் திடமுள்ளவர்களுக்கு நடையே முதலில் சொல்லப்படும் வழியாகவும், அந்த நடைக்கான கட்டணத்தின் பெரும் பங்கு அன்று மாலையே வழிகாட்டியின் கைக்குச் சேருவதாகவும் வனத்துறை ஏற்பாடு செய்தல் வேண்டும்.